முதல் ஆஸிலோஸ்கோப்: குறைந்த செலவில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வைஃபை உள்ள சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டான ஈஎஸ்பி 32 ஒன்று வைஃபை தொடங்கும்போதெல்லாம் ரீசெட் ஆகிறது. மல்டிமீட்டரை வைத்தால் 3.28 வோல்ட் காட்டுகிறது, குறை எதுவும் தெரியவில்லை. மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். வைஃபை ரேடியோ திடீரென்று 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்க, மின்னழுத்தம் சில நூறு மைக்ரோ நொடி சரிந்து மீண்டுவிட்டால் அது மீட்டரின் கண்ணில் படவே படாது. மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் கோடாக வரையும் ஆஸிலோஸ்கோப்பில் (சுருக்கமாக ஸ்கோப்) ட்ரிக்கரை, அதாவது எப்போது படம் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையை, 3 வோல்ட்டில், இறங்கும் விளிம்புக்கு வைத்து, ஒரே முறை பிடித்து நிற்கும் சிங்கிள் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருங்கள். அந்தப் பள்ளம் படமாகத் திரையில் வந்து நிற்கும்.

இந்த வேலைக்கு 100 மெகாஹெர்ட்ஸ் தேவையில்லை, 5 மெகாஹெர்ட்ஸே தாராளம். ஒழுங்காக வேலை செய்யும் சிங்கிள் ட்ரிக்கர்தான் தேவை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் மெகாஹெர்ட்ஸைப் பார்த்து மட்டும் வாங்குபவர்கள் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள். கையில் இருக்கும் பணத்தை எந்த அம்சத்துக்குக் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதை நீங்கள் அளக்கப்போகும் சிக்னல்தான் சொல்ல வேண்டும்.

படி 1: அளக்கப்போவதைத் தாளில் எழுதுங்கள்

அடுத்த இரண்டு ஆண்டுகளில் செய்ய நினைக்கும் புராஜெக்ட்டுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: அதிலுள்ள மிக வேகமான சிக்னல், மிக உயர்ந்த மின்னழுத்தம், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் எத்தனை.

சில அளவுகள் உதவும். சர்வோ மோட்டாருக்குப் போகும் துடிப்பு நொடிக்கு 50 முறை வரும், அகலம் 1 முதல் 2 மில்லி நொடி. ஆடியோ 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. எல்எம் 2596 வைத்த பக் கன்வர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் சர்க்யூட்) 150 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும், ஆனால் ஒவ்வொரு ஸ்விட்சிங்கிலும் எழும் அதிர்வு பல மெகாஹெர்ட்ஸ் வரை போகும். சிப்புகள் தமக்குள் பேசும் ஐ-டு-சி பஸ் பெரும்பாலும் 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸ். ஆர்டுயினோ ஊனோ ஆர் 3 இன் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். எஸ்பிஐ என்ற இன்னொரு பஸ்ஸில் ஓடும் வேகமான டிஸ்ப்ளேக்களில் 40 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைப் பார்க்கலாம்.

பட்டியல் முழுக்க ஆடியோவும் மோட்டாரும்தான் என்றால் உங்களுக்கு வேண்டிய ஸ்கோப் வேறு. எஸ்பிஐயும் ஸ்விட்சிங் பவர் சப்ளையும் இருந்தால் அது வேறு.

படி 2: பேண்ட்விட்த் எவ்வளவு போதும்?

பேண்ட்விட்த் என்பது ஸ்கோப்பின் அதிர்வெண் எல்லை. ஆனால் 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் 50 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் உள்ளபடி காட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அதிர்வெண்ணில் சிக்னலின் உயரம் 70.7 சதவீதமாகக் குறைந்திருக்கும். குறைவது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். 50 மெகாஹெர்ட்ஸில் 1 வோல்ட் சைன் அலை 0.7 வோல்ட்டாகத் தெரியும்.

சதுர அலையில் இது இன்னும் முக்கியம். சதுர அலைக்குள் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்களும் கலந்திருக்கின்றன. 5 மடங்கு வரையாவது உள்ளே வந்தால்தான் சதுரம் சதுரம் போலத் தெரியும். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் பார்த்தால் வழுவழுப்பான சைன் அலைதான் கிடைக்கும். 'என் கடிகாரம் சரியில்லை' என்று புதியவர்கள் கவலைப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

விளிம்பின் வேகத்தை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. 0.35 ஐ பேண்ட்விட்த்தால் வகுத்தால் அந்த ஸ்கோப் காட்டக்கூடிய மிகக் குறைந்த ரைஸ் டைம் (விளிம்பு ஏற எடுக்கும் நேரம்) கிடைக்கும். 20 மெகாஹெர்ட்ஸுக்கு 17.5 நானோ நொடி, 50 க்கு 7, 100 க்கு 3.5. இதைவிட வேகமாக ஏறும் சிக்னலை வைத்தாலும் திரையில் தெரிவது ஸ்கோப்பின் சொந்த வேகம்தான்.

மைக்ரோகண்ட்ரோலர், சென்சார், பவர் சப்ளை என்று கலந்து வேலை செய்பவருக்கு 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் போதும். 200 மெகாஹெர்ட்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை இரண்டு கூடுதல் சேனலுக்கோ (சிக்னலைக் கொடுக்கும் உள்ளீடு) நல்ல மெமரிக்கோ கொடுப்பது எப்போதும் பலன் தரும்.

படி 3: சாம்பிள் ரேட்டை எத்தனை சேனல் பங்குபோடுகிறது?

ஸ்கோப் நொடிக்கு எத்தனை முறை மின்னழுத்தத்தை அளந்து குறிக்கிறது என்பதே சாம்பிள் ரேட். விளம்பரத்தில் 'நொடிக்கு 100 கோடி சாம்பிள்' என்று இருக்கும். பல ஸ்கோப்களில் அது ஒரே ஒரு சேனல் ஓடும்போது மட்டும். ரிகோல் டிஎஸ் 1054 இசட் இதற்குத் தெளிவான உதாரணம்: ஒரு சேனலில் 100 கோடி, இரண்டில் 50 கோடி, நான்கையும் போட்டால் 25 கோடி. அதன் பேண்ட்விட்த் 50 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 25 கோடியும் 5 மடங்குதான், கவலையில்லை. சிக்லெண்ட் எஸ்டிஎஸ் 1104 எக்ஸ்-ஈயில் இரண்டு சேனலுக்கு ஒரு ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப்) இருப்பதால், நான்கும் ஓடும்போதும் ஒவ்வொன்றுக்கும் 50 கோடி மிஞ்சும்.

வாங்குமுன் எல்லாச் சேனலும் ஓடும்போது என்ன வேகம் என்று விவர அட்டவணையில் தேடி, அதைப் பேண்ட்விட்த்தால் வகுத்துப் பாருங்கள். 4 அல்லது 5 வந்தால் நல்லது. 2.5 க்குக் கீழே வந்தால் அந்த மெகாஹெர்ட்ஸ் எண்ணை நம்ப வேண்டாம்.

குறைவான வேகத்தில் எடுத்தால் படம் மங்கும் என்பதோடு முடிவதில்லை, பொய்யான படமே வரும். நொடிக்கு 10 லட்சம் சாம்பிள் எடுக்கும்போது 999 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை வைத்தால், திரையில் அழகான 1 கிலோஹெர்ட்ஸ் அலை வரும். அலையாசிங் என்று சொல்வது இதைத்தான். சந்தேகம் வந்தால் டைம்பேஸ் குமிழை (திரையில் தெரியும் நேர அளவை மாற்றுவது) இரண்டு மூன்று படி வேகப்படுத்துங்கள். காட்டப்படும் அதிர்வெண் மாறிக்கொண்டே போனால் நீங்கள் பார்ப்பது பொய் அலை.

படி 4: மெமரியைக் கணக்குப் போடுங்கள்

விலை குறைந்த ஸ்கோப்களில் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, ஆனால் வாங்குபவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. மெமரியைச் சாம்பிள் ரேட்டால் வகுத்தால், அந்த வேகத்தில் எவ்வளவு நேரத்தைப் பிடித்துவைக்க முடியும் என்று தெரியும். 40,000 புள்ளி மெமரி, நொடிக்கு 100 கோடி சாம்பிள் என்றால் வெறும் 40 மைக்ரோ நொடி. அதைவிட நீண்ட நேரத்தைப் பார்க்கக் குமிழைத் திருப்பினால் ஸ்கோப் தானாகவே சாம்பிள் ரேட்டைக் குறைத்துவிடும்.

ஒரு ஜிபிஎஸ் மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். அது 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் 80 எழுத்துள்ள வரியை அனுப்புகிறது. ஓர் எழுத்துக்கு 10 பிட், அதாவது 1.04 மில்லி நொடி. முழு வரிக்கும் 83 மில்லி நொடி. 100 மில்லி நொடி ஜன்னலில் 40,000 புள்ளிகளை விரித்தால் ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மைக்ரோ நொடி. பிட் ஒவ்வொன்றும் 104 மைக்ரோ நொடி என்பதால் எழுத்துகளை வாசித்துவிடலாம். ஆனால் அந்த வரியின் நடுவே 200 நானோ நொடிக்கு ஒரு துள்ளல் விழுந்து உங்கள் நிரலைக் குழப்பினால், அது இரண்டு சாம்பிளுக்கு இடையே நழுவிப் போகும். அதே ஜன்னலை 1.2 கோடி புள்ளி மெமரியில் எடுத்தால் 8 நானோ நொடிக்கு ஒரு சாம்பிள். முழு வரியையும் பிடித்து, பிறகு பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தத் துள்ளல் வரை போகலாம்.

சீரியல் தொடர்பு, மோட்டார் தொடக்கம், பவர் ஆன் வரிசை என்று 'நடந்ததைப் பிடித்துவைத்துத் தேடும்' வேலை உங்கள் பட்டியலில் இருந்தால், 10 லட்சம் புள்ளிகளுக்குக் கீழே வாங்க வேண்டாம். கையில் இருப்பது சிறு மெமரி ஸ்கோப் என்றால் மெனுவில் பீக் டிடெக்ட் இருக்கிறதா பாருங்கள். அது ஒவ்வொரு இடைவெளியிலும் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த புள்ளிகளைக் காத்துவைப்பதால் துள்ளல் நடந்தது என்பதாவது தெரியும்.

படி 5: ட்ரிக்கரும் சேனலும்

ஆட்டோ, நார்மல், சிங்கிள் மூன்றும் இருக்க வேண்டும். ஆட்டோவில் ட்ரிக்கர் வராவிட்டாலும் ஸ்கோப் தன் போக்கில் வரைந்துகொண்டே இருக்கும். அபூர்வமாக வரும் நிகழ்வு மின்னி மறைந்துவிடும். நார்மலில் அது நிற்கும். துடிப்பின் அகலத்தைப் பார்த்து ட்ரிக்கர் செய்யும் வசதியும் இருந்தால், '100 நானோ நொடிக்குக் குறுகிய துடிப்பு வந்தால் மட்டும் நிறுத்து' என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ஒரு சேனல் ஸ்கோப்பை விளையாட்டுக்கு மட்டும் வாங்குங்கள். எலெக்ட்ரானிக்ஸில் பாதிக் கேள்விகள் 'இது நடந்ததும் அது நடக்கிறதா' என்பவை, அவற்றுக்கு இரண்டு சேனல் வேண்டும். எஸ்பிஐ பஸ்ஸில் கடிகாரம், இரு பக்க டேட்டா, சிப் செலக்ட் என்று நான்கு கம்பி உண்டு. அதற்காகவே நான்கு சேனல் ஸ்கோப்புக்குப் பணம் சேர்க்கிறீர்கள் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது: இரண்டு சேனல் ஸ்கோப்போடு, நொடிக்கு 2.4 கோடி சாம்பிள் எடுக்கும் 8 சேனல் யூஎஸ்பி லாஜிக் அனலைசர். ஸ்கோப்போடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது. சிக்ரோக் குழுவின் இலவச மென்பொருளான பல்ஸ்வியூ, யூஆர்ட் (சாதாரண சீரியல் தொடர்பு), ஐ-டு-சி, எஸ்பிஐ எல்லாவற்றையும் எழுத்தாகவே மாற்றிக் காட்டும். கம்பியில் போகும் செய்தி என்ன என்பதை அனலைசரில் பாருங்கள்; விளிம்பு ஏன் சாய்ந்திருக்கிறது என்பதை ஸ்கோப்பில் பாருங்கள்.

படி 6: 8 பிட்டா, 12 பிட்டா?

8 பிட் ஸ்கோப் திரையின் உயரத்தை 256 படிகளாகப் பிரிக்கும், 12 பிட் 4096 ஆக. திரை முழுக்க 8 வோல்ட் என்றால் ஒரு படி முறையே 31 மில்லி வோல்ட், 2 மில்லி வோல்ட். ரிகோல் டிஎச்ஓ 804 போன்ற 12 பிட் ஸ்கோப்கள் இப்போது பொழுதுபோக்காளர் எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. சிறு சிக்னலில் அவை தரும் தெளிவு உண்மையிலேயே நல்லது. ஆனால் 5 வோல்ட் மேல் ஏறி நிற்கும் 20 மில்லி வோல்ட் ரிப்பிளை (சிறு ஏற்ற இறக்கம்) பார்க்க 12 பிட் கட்டாயமில்லை. ஏசி கப்ளிங்குக்கு மாற்றினால் 5 வோல்ட் விலகிவிடும்; 10 மில்லி வோல்ட் அளவில் பெரிதாக்கினால் 8 பிட்டிலும் தெளிவாகத் தெரியும்.

படி 7: எந்த உருவத்தில் வாங்குவது?

டிஎஸ்ஓ 138 போன்ற கிட்டுகள் ஒரு சேனல், 200 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 10 லட்சம் சாம்பிள். சர்வோ, 555 டைமர், ஆடியோ, மெதுவான சீரியல் இவற்றுக்குப் போதும். சால்டரிங்கும் பழகலாம். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ-டு-சி வந்ததும் திணறும்.

யூஎஸ்பி ஸ்கோப்பில் திரையும் குமிழும் இருக்காது, கணினிதான் எல்லாம். ஹான்டெக் 6022 பிஈ 20 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 4.8 கோடி சாம்பிள். ஓப்பன் ஹான்டெக் என்ற திறமூல மென்பொருளிலும் ஓடும். இந்த வகையில் ட்ரிக்கர் பெரும்பாலும் மென்பொருளில் நடப்பதால் அபூர்வ நிகழ்வுகளைத் தவறவிடும். மவுஸால் வோல்ட் அளவை மாற்றிக்கொண்டே இன்னொரு கையில் ப்ரோப்பை (சர்க்யூட்டைத் தொடும் அளவீட்டு முனை) பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

கையடக்க பேட்டரி ஸ்கோப்கள் மல்டிமீட்டரோடு சேர்ந்து வரும். இடம் குறைவாக இருப்பவருக்கும் வெளியே சென்று பழுது பார்ப்பவருக்கும் ஏற்றவை.

நிலையாக ஒரு மேசை இருந்தால் மேசை ஸ்கோப்தான் சரி. 7 அங்குலத் திரை, ஒவ்வொரு சேனலுக்கும் தனிக் குமிழ் (ஒரே குமிழை இரு சேனலுக்கும் பொதுவாக வைத்திருப்பது நாள்தோறும் எரிச்சல் தரும்), ஹார்டுவேர் ட்ரிக்கர்.

பழைய சிஆர்டி அனலாக் ஸ்கோப் பாதி விலைக்குக் கிடைத்தால்? திரும்பத் திரும்ப வரும் அலைக்கு அருமையானது, அலையாசிங் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரு முறை மட்டும் வந்து போகும் நிகழ்வைப் பிடித்துவைக்காது, தொடக்கத்தில் சொன்ன ஈஎஸ்பி 32 பள்ளத்தை அதில் தேட முடியாது. வாங்குவதானால் இயக்கிக் காட்டச் சொல்லி, கோடு கூர்மையாக விழுகிறதா, ஒவ்வொரு ஸ்விட்சையும் திருப்பும்போது கோடு துள்ளுகிறதா என்று பாருங்கள். உள்ளே பல ஆயிரம் வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். மூடியைத் திறக்க வேண்டாம்.

படி 8: ப்ரோப்பும் அளவீட்டின் ஒரு பகுதி

கூடவே வரும் ப்ரோப்பில் 1 எக்ஸ், 10 எக்ஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். வழக்கமாக 10 எக்ஸில் வையுங்கள், அது சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து ஸ்கோப்புக்கு அனுப்பும். 1 எக்ஸில் ப்ரோப்பின் சொந்த பேண்ட்விட்த் பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது, கேபிளோடு சேர்த்துச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டரை உங்கள் சர்க்யூட்டில் தொங்கவிடும். 10 மெகாஹெர்ட்ஸில் அது 160 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்கு மாட்டியதற்குச் சமம். 10 எக்ஸில் 15 பிக்கோஃபாரட் அளவுதான், அதாவது 1000 ஓமுக்கு மேல். 22 பிக்கோஃபாரட் கெபாசிட்டரோடு ஓடும் 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலை 1 எக்ஸ் ப்ரோப்பால் தொட்டால் அது நின்றுபோகலாம். 'ப்ரோப் வைத்தால் சர்க்யூட் நிற்கிறது, எடுத்தால் ஓடுகிறது' என்பதன் காரணம் இதுவே. பவர் சப்ளை ரிப்பிள் போன்ற மெதுவான சிறு சிக்னலுக்கு மட்டும் 1 எக்ஸ் பயன்படும்.

ஸ்விட்சும் மெனுவும் ஒத்துப்போக வேண்டும். மெனுவில் 10 எக்ஸ், ப்ரோப்பில் 1 எக்ஸ் என்றால் 5 வோல்ட் 50 வோல்ட்டாகத் தெரியும். மாறி இருந்தால் 0.5.

கிரவுண்ட் கம்பியின் நீளம் பலர் அறியாத பொறி. 15 சென்டிமீட்டர் கம்பியில் சுமார் 150 நானோ ஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும். ப்ரோப்பின் 15 பிக்கோஃபாரட்டோடு சேர்ந்து அது 100 மெகாஹெர்ட்ஸ் அருகே மணியடிக்கும். வேகமான விளிம்புக்குப் பின்னால் தெரியும் அலைகள் உங்கள் சர்க்யூட்டில் இல்லாமல் அந்தக் கம்பியில் பிறந்தவையாக இருக்கலாம். ப்ரோப் முனையில் மாட்டும் சிறு கிரவுண்ட் ஸ்பிரிங் பெட்டியில் வருகிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். அதை மாட்டியதும் அலைகள் அடங்கினால் குற்றவாளி கம்பிதான்.

படி 9: இயக்குமுன் எர்த்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இதை அவசரமாகப் படிக்காதீர்கள். மேசை ஸ்கோப்பில் ப்ரோப்பின் கிரவுண்ட் கிளிப் நேராக பிளக்கின் எர்த் முனையோடு இணைந்திருக்கிறது. எல்லாச் சேனலின் கிளிப்பும் ஒன்றே. அதை மின்னழுத்தம் உள்ள இடத்தில் மாட்டினால் அது எர்த்துக்கு ஷார்ட்.

யூஎஸ்பியில் கணினியோடு இணைந்திருக்கும் ஆர்டுயினோவிலும் இதே கதைதான். மேசைக் கணினியின் கிரவுண்டும் எர்த்தில் இருப்பதால், கிளிப்பை 5 வோல்ட் பின்னில் மாட்டினால் கணினி வழியாகவே ஷார்ட் ஆகும். கிளிப் எப்போதும் சர்க்யூட் கிரவுண்டில் மட்டும். ஒரு ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் வேண்டுமென்றால், இரண்டு ப்ரோப்பை இரு முனையிலும் வைத்து, இரண்டு கிளிப்பையும் சர்க்யூட் கிரவுண்டில் மாட்டி, மேத் மெனுவில் சேனல் 1 லிருந்து 2 ஐக் கழியுங்கள்.

வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைந்த எந்தச் சர்க்யூட்டிலும் (எல்இடி டிரைவர், சார்ஜரின் முதல் பகுதி, டிம்மர்) சாதாரண ப்ரோப்பை வைக்க வேண்டாம். 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அதற்கென்று அளவு குறித்த டிஃபரென்ஷியல் ப்ரோப் (இரு முனைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளப்பது) வேண்டும். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். ஷார்ட் ஆகாது, ஆனால் கனெக்டரின் வெளி உலோகம் முழுவதும் மின்சாரம் உள்ள கம்பியாகிவிடும், அடுத்துத் தொடுவது உங்கள் கை. பேட்டரி ஸ்கோப்பிலும் இரு சேனலின் கிரவுண்ட் பெரும்பாலும் உள்ளே ஒன்றுதான். ஒன்றை உயர் மின்னழுத்தத்தில் மாட்டினால் மற்றதும் அங்கே போய்விடும்.

படி 10: கைக்கு வந்த அன்றே சோதியுங்கள்

முதலில் ப்ரோப்பை முகப்பிலுள்ள காலிப்ரேஷன் முனையில் மாட்டுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வரும். மூலைகள் உருண்டிருந்தாலும் கூராகத் துருத்தியிருந்தாலும், ப்ரோப்பிலுள்ள சிறு திருகைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மேல் கோடு மட்டமாகும் வரை திருப்புங்கள். ப்ரோப்பை வேறு சேனலுக்கு மாற்றினால் மறுபடியும் செய்யுங்கள்.

அடுத்து, ப்ரோப் முனையை அதன் சொந்த கிரவுண்ட் கிளிப்பிலேயே மாட்டி, மிகச் சிறிய வோல்ட் அளவுக்குப் போங்கள். அப்போது தெரியும் தடிமனான கோடுதான் ஸ்கோப்பின் சொந்த இரைச்சல். அதற்குக் கீழே உள்ள எதையும் உங்களால் அளக்க முடியாது.

பேண்ட்விட்த் உண்மையா என்று பார்க்க ஒரு 74 ஏசி 14 ஐசி (ஆறு இன்வெர்ட்டர்கள் உள்ள லாஜிக் சிப்) போதும். 14 ஆவது பின்னுக்கு 5 வோல்ட், 7 கிரவுண்டு, இரண்டுக்கும் இடையே ஐசியை ஒட்டி 100 நானோஃபாரட். 1, 2 பின்களுக்கு இடையே 1 கிலோ ஓம், 1 ஆவது பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட். சுமார் 1 மெகாஹெர்ட்ஸில் அதிரத் தொடங்கும். 2 ஐ 3 உடன் இணைத்து, 4 ஆவது பின்னில் ப்ரோப்பை வையுங்கள். பயன்படாத உள்ளீடுகளான 5, 9, 11, 13 நான்கையும் கிரவுண்டில் கட்டுங்கள். பிரெட்போர்டில் வேண்டாம், செம்புத் தகட்டிலோ பெர்ஃப்போர்டிலோ கால்களைக் குட்டையாக வெட்டிச் சால்டர் செய்யுங்கள். ப்ரோப்பில் 10 எக்ஸ், கிரவுண்ட் ஸ்பிரிங்.

இந்த ஐசியின் விளிம்பு ஒன்றிரண்டு நானோ நொடிதான். ரைஸ் டைம் அளவீட்டைப் போட்டால் 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 4 நானோ நொடி அளவில் வர வேண்டும். 10 வந்தால் 0.35 ஐ அதால் வகுத்துப் பாருங்கள், கையில் இருப்பது 35 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப். எல்லாச் சேனலையும் போட்டு இதையே மறுபடி செய்யுங்கள். அப்போது விளிம்பு ஆடினாலோ படிக்கட்டாக உடைந்தாலோ சாம்பிள் ரேட் பங்குபோவதன் விளைவு அது. இந்தச் சோதனைகளைத் திருப்பி அனுப்பக்கூடிய நாட்களுக்குள் முடித்துவிடுங்கள், அதுவரை பெட்டியையும் உள்ளே வந்த தெர்மோகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.